ஐ7ன்னு சொன்னா மயங்கிடாதீங்க, எந்த வருஷத்து ஐ7ன்னு கேளுங்க

கேள்வி: வணக்கம் சார். நாங்க ராஜபாளையம், வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லுல வேலை பாக்கறார். பையன் இந்த வருஷம் பிசிஏ சேந்திருக்கான், தினமும் பஸ்ல போயிட்டு வர்றான். கம்ப்யூட்டர் வேணும்கிறான். கையில 30,000 ரூபா இருக்கு, அதுக்கு மேல கடன் வாங்க இஷ்டம் இல்ல. பையனுக்கு அசெம்பிள் பண்ணணும்னு ஆசை, இங்க ஒரு கடையில மானிட்டரோட சேத்து 46,000 கொட்டேஷன் குடுத்தாங்க. இன்னொரு கடையில ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், மானிட்டரோட ஃபுல் செட் 17,500க்கே தர்றேங்கறாங்க. சென்னையில இருக்கற கொழுந்தனார் ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்பெனி லேப்டாப் செகண்ட் ஹேண்ட்ல 21,000க்கு நல்லதா வாங்கலாம்னு சொல்றார். மூத்தவளுக்கு ப்ளஸ் டூல, 2017ல, அரசு குடுத்த லேப்டாப் பீரோ மேல கிடக்கு, ஆன் ஆகும், ஆனா டீ போட்டுக் குடிச்சுட்டு வந்தாத்தான் டெஸ்க்டாப் வரும். அது போக 2009ல வாங்கின கோர் டூ டியோ கம்ப்யூட்டர் ஒண்ணும் இருக்கு, அதுல பழைய ஃபோட்டோ எல்லாம் மாட்டிக்கிட்டிருக்கு. இதுல எதைச் செய்யறது சார்?

பதில்: வணக்கம்மா. லெட்டர்ல அஞ்சு மெஷினைப் பத்தி எழுதியிருக்கீங்க, ஒவ்வொண்ணா வர்றேன், ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணை மட்டும் உடனே சொல்லிடறேன், ஏன்னா விலையைப் பாத்துட்டு வீட்டுல யாராவது போய் அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டா அப்புறம் பேசிப் பிரயோஜனம் இல்ல. அந்த 17,500 ரூபா ஐ7 ஃபுல் செட் வேண்டாம்.

அதுல அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, சொன்ன மாதிரி ஐ7தான் இருக்கும், 16 ஜிபியும் இருக்கும். ஆனா அது எந்த வருஷத்து ஐ7ன்னு அவங்களா வாயைத் தொறக்க மாட்டாங்க. இன்டெல்காரன் 2011லயும் ஐ7 விட்டான், 2021லயும் ஐ7 விட்டான். பின்னாடி வர்ற நம்பரைப் பாக்கணும். 2600ன்னா ரெண்டாவது ஜெனரேஷன், 2011ல வந்தது. 3770ன்னா மூணாவது, 2012. 8700ன்னா எட்டாவது, 2017. 12700ன்னா பன்னெண்டாவது, 2022. இந்த விலைக்கு வர்ற ஃபுல் செட்டைத் தொறந்தா பெரும்பாலும் உள்ள 2600 இருக்கும் இல்லேன்னா 3770 இருக்கும், மதர்போர்டு எச்61ன்னு இருக்கும். அந்த எச்61 சிப்செட் வந்ததே 2011ல. ஆனா போர்டு மட்டும் புது டப்பாவுல, புது கவர்ல, பேரே கேள்விப்படாத சைனா பிராண்டுல பளபளன்னு வரும், அதைப் பாத்துட்டு நாம புது கம்ப்யூட்டர் வாங்கிட்டோம்னு சந்தோஷமா வீட்டுக்கு வருவோம். ராம் டிடிஆர்3ங்கற பழைய ரகம், அதைக் கழட்டி நாளைக்கு ஒரு புது மெஷின்ல போடலாம்னா முடியாது. 2022ல ஐ3-12100ன்னு ஒரு சாதாரண ப்ராசஸர் வந்துச்சு, நாலே கோர்தான், அது இந்த 3770ஐ சுலபமா தாண்டிடும், கரன்ட்டும் கம்மியா குடிக்கும். பேர்ல 7 இருந்தா 3ஐ விடப் பெருசுன்னு நெனக்கற கஸ்டமர் இருக்கற வரைக்கும் இந்த வியாபாரம் நடக்கும்.

அதனால புதுசா பழசாங்கற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைங்க, எவ்வளவு பழசுங்கறதுதான் இப்ப கேள்வி. இன்னிக்குக் கோடு விழறது எட்டாவது ஜெனரேஷன்ல. ஏன் அங்கன்னா, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. தனியா பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு செக்யூரிட்டி அப்டேட் மட்டும் இன்னும் ஒரு வருஷத்துக்கு, அதாவது 2026 அக்டோபர் வரைக்கும்னு சொல்லியிருக்காங்க. விண்டோஸ் 11 முறைப்படி போடணும்னா இன்டெல்ல எட்டாவது ஜென்ல இருந்து, ஏஎம்டிங்கற இன்னொரு கம்பெனி ப்ராசஸர்னா ரைசன் 2000 வரிசையில இருந்து, கூடவே டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பு வேணும். அதுக்குக் கீழ ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு இருக்கு, அதைத் தேடி நீங்க அலைய வேண்டாம்.

இதனால மார்க்கெட்ல என்ன ஆச்சுன்னா, கம்பெனிகள்ல நல்லா ஓடிக்கிட்டிருந்த ஆறாவது, ஏழாவது ஜென் லேப்டாப் எல்லாம் மூட்டை மூட்டையா வெளிய வந்துடுச்சு. பாக்க அழகா இருக்கும், கீபோர்டு அருமையா இருக்கும், விலையும் கையைக் கடிக்காது, விலை கடிக்காததுக்குக் காரணமே அதுதான். கடைக்காரர் விண்டோஸ் 11 போட்டே குடுப்பார், ஏன்னா பென் டிரைவ்ல ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு அந்த டிபிஎம் செக்கிங்கைத் தாண்டி ஏத்திடலாம், நானும் கேக்கறவங்களுக்கு விஷயத்தைச் சொல்லிட்டு ஏத்திக் குடுத்திருக்கேன். ஓடும். ஆனா வருஷா வருஷம் வர்ற பெரிய அப்டேட் தானா வராது, ஒவ்வொரு தடவையும் யாராவது உக்காந்து ஏத்தணும், மைக்ரோசாஃப்ட்டும் இதுக்கெல்லாம் நான் பொறுப்பில்லன்னு சொல்லிட்டாங்க. மூணு வருஷம் படிக்கப்போற பையனுக்கு இந்தத் தலைவலி எதுக்கு. தம்பி இதைக் கேட்டு மூஞ்சியைத் தூக்கினான்னா அவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, வேலரன்ட் கேம் விண்டோஸ் 11ல டிபிஎம்மும் செக்யூர் பூட்டும் இல்லேன்னா தொறக்கவே தொறக்காது. அவனே ஒத்துக்குவான்.

இப்ப அசெம்பிள் விஷயத்துக்கு வர்றேன். பையன் ஆசைப்படறதுல ஒரு தப்பும் இல்லம்மா, நான் இத்தனை வருஷமா சாப்பிட்டதே அசெம்பிள் பண்ணித்தான். அதுல இருக்கற சௌகரியம் லேப்டாப்ல வராது, ராம் போனா ராமை மட்டும் மாத்தலாம், ரெண்டு வருஷம் கழிச்சு காசு வந்தா கிராஃபிக்ஸ் கார்டு போடலாம், ப்ராசஸருக்கும் போர்டுக்கும் பொதுவா மூணு வருஷ வாரன்ட்டி உண்டு. ஆனா இந்த நேரம் சரியில்ல. 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறின ஏத்தம் இருக்கே, எங்க தொழில்ல இருக்கறவங்களே விலையைக் கேட்டுட்டு ஃபோனை ஒரு நிமிஷம் கையில வச்சுக்கிட்டு நின்னோம். உலகத்துல ராம் சிப்பு செய்யறது பெரும்பாலும் மூணே கம்பெனி, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். அவங்களுக்கு ஏஐ டேட்டா சென்டர்காரங்க கிட்ட வித்தா லாபம் அதிகம், நம்மள மாதிரி ஒரு குச்சி ரெண்டு குச்சி வாங்கறவங்க யாருக்கு வேணும். மைக்ரான் 2025 டிசம்பர்ல, க்ரூசியல்ங்கற பேர்ல கடையில விக்கிற ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடப்போறோம்னு அறிவிச்சுட்டாங்க. அதனால அந்த 46,000 கொட்டேஷன் அநியாயம் இல்ல, அவர் நியாயமாத்தான் போட்டிருக்கார்னு நெனக்கறேன். கஷ்டம் என்னன்னா அந்த 46ஐ உங்க 30க்குள்ள அடக்கிக் குடுங்கன்னு கேட்டீங்கன்னா அவர் அடக்கிக் குடுத்துடுவார்.

எதைக் குறைச்சு அடக்குவார்னா முதல்ல கை வைக்கறது எஸ்எம்பிஎஸ்லதான், அதாவது கரன்ட்டை மாத்தி மெஷினுக்குக் குடுக்கற பவர் சப்ளை பெட்டியிலதான். இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க. கேபினெட்டோட ஃப்ரீயா வர்ற எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் இருக்கும், கையில வாங்கிப் பாருங்க, வெயிட்டே இருக்காது. நல்ல பிராண்டுல அதே 450 வாட்ஸ் பெட்டியைத் தூக்கிப் பாத்தா கை கொஞ்சம் இறங்கும், ஏன்னா உள்ள டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க், கெபாசிட்டர்னு இருக்க வேண்டியது எல்லாம் இருக்கு. லேசா இருக்கறதுல ஸ்டிக்கர்தான் 450, நிஜத்துல அதுல பாதி தாங்கினாப் பெரிய விஷயம். நம்ம ஊர்ல கரன்ட் போய் வரும்போது ஒரு தள்ளு தள்ளும் பாருங்க, அதுல இது போகும், போகும்போது தனியாவும் போகாது, போர்டையும் டிஸ்க்கையும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகும். 80 ப்ளஸ்னு முத்திரை இருக்கற, பேர் தெரிஞ்ச கம்பெனி எஸ்எம்பிஎஸ் இல்லாம அசெம்பிள் பண்ணவே கூடாதுன்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, உங்க வீட்டு 2009 கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டா எப்பவாவது சுர்ருன்னு அடிச்சிருக்கா? நிறைய வீட்டுல அடிக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ள மெயின் லைன்ல இருந்து பாடிக்கு ரெண்டு சின்ன கெபாசிட்டர் போட்டிருப்பாங்க, அதுவழியா கசியற கொஞ்சூண்டு கரன்ட் எர்த் ஒயர்ல இறங்கிப் போயிடணும். பிளக் பாயின்ட்ல எர்த் சரியா இல்லேன்னா அது போக வழி இல்லாம பாடியில 110 வோல்ட் பக்கத்துல நிக்கும். அளவு கம்மிங்கறதால சுர்ருங்கறதோட முடியுது, ஆனா மானிட்டர் கேபிள், பென் டிரைவ் எல்லாம் சொருகும்போது போர்ட் எரிஞ்சு போறதுக்கு இதுவும் ஒரு காரணம். எந்த மெஷின் வாங்கினாலும் சரி, வாங்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த பாயின்ட்டுக்கு எர்த் வருதான்னு பாத்துடுங்க.

பிற்பாடு எப்பவாவது காசு சேந்து தம்பி அசெம்பிள் பண்ணினான்னா ஞாபகம் வச்சுக்க ஒரே ஒரு விஷயம், ப்ராசஸர் நம்பருக்குப் பின்னாடி எஃப் இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. 12100ல டிஸ்ப்ளே உள்ளயே இருக்கு, 12100எஃப்ல இல்ல. எஃப் கொஞ்சம் விலை கம்மியா இருக்கேன்னு வாங்கிட்டு வந்து எல்லாம் மாட்டி ஆன் பண்ணினா ஃபேன் சுத்தும், லைட் எரியும், ஸ்க்ரீன் மட்டும் கறுப்பா நிக்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் படம் வரும். ரைசன்ல 5600ஜின்னா டிஸ்ப்ளே உண்டு, வெறும் 5600ன்னா கிடையாது. இந்த ஒரு எழுத்துக்காக பாதி நாள் போச்சுன்னு என் கடைக்கு வந்து நிக்கற பசங்க நிறைய.

சரி, அப்ப உங்களுக்கு எதுன்னா, கொழுந்தனார் சொன்னதுதான். பையன் தினம் பஸ்ல போறான், ப்ராஜெக்ட் ரிவ்யூன்னா மெஷினைக் கையோட கொண்டு போகணும், கரன்ட் போனா லேப்டாப்னா அதுபாட்டுக்கு ஓடும், யூபிஎஸ் செலவு தனியா இல்ல. ஆனா 21,000க்கு லேப்டாப்னு சொன்னாப் பத்தாது, எந்த லேப்டாப்னு சொல்லணும். வீட்டு உபயோகத்துக்குன்னு விக்கிற பளபளப்பு மாடல் வேண்டாம், கம்பெனிகளுக்குன்னே செய்யற வரிசை இருக்கு, லெனோவோல திங்க்பேட் டி வரிசை, டெல்லுல லாட்டிட்யூட், எச்பில எலைட்புக். கீல் கெட்டியா இருக்கும், பின்பக்க மூடியைத் தொறந்து சுத்தம் பண்றது சுலபம், ஸ்பேர் பார்ட்ஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல கடைக்குக் கடை தொங்கும். எட்டாவது ஜென்ல டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூணும் தேடலாம். மூணுலயும் ராம் போட ரெண்டு ஸ்லாட் இருக்கு, இப்ப 8 ஜிபியோட வாங்கிட்டு விலை இறங்கினப்புறம் 16 ஆக்கிக்கலாம். டி480எஸ்னு ஒல்லியா ஒண்ணு வரும், அதுல ஒரு ராம் போர்டுலயே ஒட்டியிருக்கும், ஒரு ஸ்லாட்தான். மாடல் பேரை மட்டும் நம்பிடாதீங்க, 840 ஜி5லயே ஏழாவது ஜென் ப்ராசஸர் போட்டும் வந்திருக்கு, அதனால ப்ராசஸர் நம்பரைக் கேளுங்க, 8250யூ, 8350யூன்னு எட்டுல ஆரம்பிக்கணும். ஸ்க்ரீன் ஃபுல் எச்டியான்னும் கேளுங்க, 1366க்கு 768ன்னு மங்கலா ஒரு ஸ்க்ரீன் போட்டும் இதுல சில மாடல் வந்திருக்கு, கோடிங் எழுதற பையன் கண்ணு அதுல போயிடும்.

கொழுந்தனார் கடைக்குப் போறப்ப அவசரப்படாம ஒரு மணி நேரம் ஒதுக்கிட்டுப் போகட்டும். சாயங்காலம் கூட்ட நேரத்துல போகாம காலையில போனா கடைப்பையனும் பொறுமையா காட்டுவான். முதல் வேலை, ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கற செட்டிங்ஸுக்குள்ள போகணும், திங்க்பேட்னா எஃப்1, டெல்னா எஃப்2, எச்பின்னா எஃப்10. உள்ள போகவிடாம பாஸ்வேர்டு கேட்டுச்சுன்னா அந்த மெஷினை அப்படியே வச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடணும், அண்ணே அது அப்புறமா எடுத்துத் தர்றேம்பாங்க, திங்க்பேட்ல அந்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போர்டுல கை வைக்காம போகாது. ரெண்டாவது, இதை யாரும் செய்யறதே இல்ல, விண்டோஸை ரீசெட் கொடுத்து கடையிலயே மொபைல் ஹாட்ஸ்பாட்டைக் கனெக்ட் பண்ணிப் பாக்கணும். பெரிய கம்பெனிகள்ல லேப்டாப்பை அவங்க சர்வர்ல பதிவு பண்ணி வச்சிருப்பாங்க, விக்கும்போது பதிவை எடுத்துட்டு விக்கணும், எடுக்காம வந்த மெஷினும் சுத்துது. அப்படிப்பட்டதை ரீசெட் பண்ணி நெட் குடுத்தவுடனே இன்னார் கம்பெனிக்கு வரவேற்கிறோம், ஆபீஸ் ஐடி போடுங்கன்னு வந்து நிக்கும். நெட் இல்லாம விண்டோஸ் ஏத்திக் குடுத்தா இது தெரியாது, நல்லாத்தான் ஓடும், ஆறு மாசம் கழிச்சு பையன் ரீசெட் பண்ணும்போது பூட்டிக்கும், அப்ப பரீட்சை நேரமா வேற இருக்கும்.

ரீசெட் குடுக்கறதுல இன்னொரு லாபமும் இருக்கு. இந்த லேப்டாப்கள்ல பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ லைசென்ஸ் கம்பெனியிலயே போட்டுத்தான் வந்திருக்கும், சாவி பயாஸ் உள்ளயே இருக்கும், அதே எடிஷனை சுத்தமா ஏத்தி நெட் குடுத்தா தானா ஆக்டிவேட் ஆகிடும். இது தெரியாமயோ சோம்பேறித்தனத்துலயோ சில இடத்துல திருட்டு ஆக்டிவேட்டர் போட்டுத் தர்றாங்க, அதோட என்ன வைரஸ் வருதுன்னு போட்டவனுக்கே தெரியாது.

பேட்டரிக்கு, கமாண்ட் பிராம்ப்ட்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, விண்டோஸ்லயே இருக்கற வசதிதான், காசு குடுத்து எதையும் ஏத்த வேண்டியதில்ல. அதுல டிசைன் கெபாசிட்டின்னு ஒரு நம்பர், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ஒரு நம்பர். முன்னது 48,000ன்னு இருந்து பின்னது 30,000ன்னு இருந்தா கொஞ்ச காலம் ஓட்டலாம், 20,000க்குக் கீழன்னா பேட்டரி காசை விலையில கழிச்சுக் கேளுங்க. டி480ல பெரும்பாலும் உள்ள ஒண்ணு வெளிய ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி இருக்கும், ரெண்டையும் தனித்தனியா பாக்கணும். அந்த டி480லயே டைப்-சி போர்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு, அந்த போர்ட்டை இயக்கற தண்டர்போல்ட் ஃபர்ம்வேர்ங்கற உள் சாஃப்ட்வேர்ல இருந்த கோளாறால அந்த போர்ட் ஒரு நாள் செத்துப்போகும், சார்ஜே அதுலதான் ஏறும். லெனோவோ அதுக்கு அப்டேட் விட்டிருக்காங்க, வாங்கின அன்னிக்கே அதைப் போட்டுடுங்க. கடையில சார்ஜரை டைப்-சில சொருகி ஏறுதான்னு பாக்கறது கட்டாயம்.

மத்ததெல்லாம் கண்ணுலயே தெரியற விஷயம். ஒவ்வொரு கீயையும் அடிச்சுப் பாக்கறது, வெள்ளை ஸ்க்ரீன் வச்சு புள்ளி இருக்கான்னு பாக்கறது, யூடியூப்ல ஒரு வீடியோவைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேக்கறது, கீழ இருக்கற ஸ்க்ரூ தலையெல்லாம் நைஞ்சு போயிருந்தா பல பேர் கை பட்டதுன்னு புரிஞ்சுக்கறது. டச்பேட் லேசா மேல தூக்கிக்கிட்டிருந்தா உள்ள பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அதைத் தொடவே வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஒண்ணு எஸ்எஸ்டியோட ஹெல்த்தை சதவீதத்துல காட்டும், எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னும் காட்டும். ராம் விலை ஏறினதுல இருந்து சில கடையில இருந்த ராமை உருவிட்டு 4 ஜிபி போட்டு நிப்பாட்டறாங்க, பேசின விலைக்கு 8 ஜிபி உள்ள இருக்கான்னு ஸ்க்ரீன்லயே பாத்துடணும். கடைசியா, பில்லுல சீரியல் நம்பரும் எத்தனை மாசம் வாரன்ட்டின்னும் எழுதி வாங்காம வெளிய வரக்கூடாது. வாயால சொல்ற ஆறு மாச வாரன்ட்டி அந்தப் பையன் கடை மாறினவுடனே முடிஞ்சுடும்.

21,000க்கு வாங்கினா 9,000 மிச்சம் இருக்கும். அதுல எர்த், கரன்ட் தள்ளுல இருந்து மெஷினைக் காக்கற ஒரு நல்ல ஸ்பைக் கார்டு, பின்னாடி ராமுக்கோ பேட்டரிக்கோன்னு எடுத்து வைங்க. மிச்சத்துல ஒரு சின்னத் தொகையை நான் அந்த பீரோ மேல இருக்கற லேப்டாப்புக்குக் கேப்பேன்.

அரசு லேப்டாப் திட்டம் 2011ல ஆரம்பிச்சதுல இருந்து லட்சக்கணக்கான வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு கிடக்கு, அதுல நிறைய ஆனாகற நிலைமையிலதான் கிடக்கு. டீ போடற நேரம் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுக்குக் காரணம் ப்ராசஸரை விட ஹார்ட் டிஸ்க்தான். உள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5400 சுத்து சுத்துது, ஒரு முள்ளு அதுமேல இங்கயும் அங்கயும் ஓடி ஒவ்வொரு குட்டி ஃபைலா தேடி எடுக்குது, ஒரு செகண்டுக்கு நூறு தடவை கூட அதால எடுக்க முடியாது. விண்டோஸ் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலைக் கேக்கும். எஸ்எஸ்டில முள்ளும் இல்ல தட்டும் இல்ல, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல எடுத்துக் குடுத்துடும். அதனாலதான் அதே பழைய மெஷின், அதே ப்ராசஸர், டிஸ்க்கை மட்டும் மாத்தினா வேற மெஷின் மாதிரி ஆகிடுது. ரெண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, இருக்கறதுலயே சின்ன சைஸ் போதும். ராம் 2 ஜிபிதான் இருந்தா, அதோட சேத்துப் போட ஒரு பழைய ராம் கிடைக்குதான்னு பாருங்க, அதுக்கு மேல இந்த மெஷினுக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாதீங்க, பேட்டரி செத்திருந்தா செத்துட்டுப் போகட்டும், சார்ஜர்லயே ஓடும்.

அதுல விண்டோஸ் போடாம லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇன்னு லேசான வெர்ஷன் இருக்கு, அதைப் போடணும். காசு கிடையாது, மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு, தமிழ் டைப்பிங் வரும். முதல் வருஷ பிசிஏல வர்ற சி, பைத்தான், எச்டிஎம்எல் எல்லாம் அதுல தாராளமா ஓடும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரி பெருசெல்லாம் அதுல நெனக்கவே கூடாது, அதுக்குத்தான் அந்த இன்னொரு லேப்டாப், அதுலயும் அப்ப 16 ஜிபி ஆக்க வேண்டி வரும்.

இந்த வேலையைக் கடையில குடுக்காதீங்கம்மா, தம்பி கையில குடுங்க. அசெம்பிள் பண்ணணும்னு ஆசைப்படறான்ல, ஸ்க்ரூ டிரைவர் வாங்கிக் குடுத்து உக்கார வைங்க. சார்ஜரைக் கழட்டி, பேட்டரியைக் கழட்டி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சுட்டு மூடியைத் தொறக்கட்டும். கழட்டற ஸ்க்ரூவை ஒரு பேப்பர்ல மெஷின் படம் வரைஞ்சு அந்தந்த இடத்துலயே டேப் போட்டு ஒட்டி வைக்கணும், எல்லாம் ஒரே நீளம் இருக்காது, நீள ஸ்க்ரூவைத் தப்பான ஓட்டையில முறுக்கினா போர்டுலயே இறங்கிடும். ஃபேன் வாயில கம்பளித் துணி மாதிரி தூசி படிஞ்சிருக்கும், பஞ்சு மில்லு ஊர்ல கேக்கவே வேண்டாம், ஃபேனைச் சுத்த விடாம விரல்ல புடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால எடுக்கணும். ஹீட்சிங்க்கைத் தூக்கினா பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காஞ்சிருக்கும், துணியில ஸ்பிரிட் தொட்டுத் தொடச்சுட்டு புதுசு ஒரு அரிசி அளவு வச்சாப் போதும். ராம் குச்சியோட தங்கக் கலர் பல்லை பென்சில் ரப்பரால தேய்ச்சுட்டுப் போடணும், டிஸ்ப்ளே வரலன்னு வர்ற கேஸ்ல நிறைய இந்த ரப்பர்லயே சரியாகிடும். இதை ஒரு தடவை செஞ்சு முடிச்சு மின்ட் ஏத்தி ஓடவிட்டான்னா நாளைக்கு அவன் 50,000 ரூபா மெஷினைக் கை நடுங்காம அசெம்பிள் பண்ணுவான். கெட்டுப்போனாலும் நஷ்டம் இல்லாத மெஷின் இதை விட வேற கிடைக்காது.

அந்த கோர் டூ டியோவை மட்டும் எழுப்ப முயற்சி பண்ண வேண்டாம். டிடிஆர்2 ராம் தேடி அலையணும், அந்தக் காலத்துப் போர்டுல எஸ்எஸ்டி போட்டாலும் பாதி வேகத்துலதான் ஓடும், விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன்ல இருந்து அந்த ப்ராசஸர்ல குறுக்கு வழியில ஏத்தினாக்கூட பூட் ஆகாது, அதுக்கு வேண்டிய ஒரு கட்டளை அந்தச் சிப்புலயே இல்ல. ஆனா அதோட மானிட்டர் எல்சிடியா இருந்து நல்லா இருந்துச்சுன்னா வச்சுக்கோங்க, எச்டிஎம்ஐல இருந்து விஜிஏவுக்கு மாத்தற ஒரு சின்ன கன்வர்ட்டர் போட்டா புது லேப்டாப்புக்கு ரெண்டாவது ஸ்க்ரீனா ஆகும், ஒரு பக்கம் பாடம் ஒரு பக்கம் கோடிங்னு வச்சுப் படிக்கலாம். கீபோர்டு, மவுஸ் யூஎஸ்பியா இருந்தா அதையும் எடுத்துக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் எதுக்கும் மறுபடி உபயோகிக்காதீங்க.

ஃபோட்டோவுக்கு, அந்த மெஷினை ஆன் பண்ணிக்கிட்டே இருக்காதீங்க, அவ்வளவு பழைய டிஸ்க் ஒவ்வொரு தடவை ஆன் ஆகறதும் ரிஸ்க்தான். டிஸ்க்கைக் கழட்டி, யூஎஸ்பில சொருகற கேஸிங்னு ஒரு பெட்டியில போட்டு புது லேப்டாப்ல நேரா காப்பி பண்ணுங்க. டெஸ்க்டாப் டிஸ்க் மூணரை இன்ச், அதுக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பில இருந்து வர்ற கரன்ட்ல சுத்தாது, அதனால தனி அடாப்டரோட வர்ற கேஸிங்கா கேட்டு வாங்குங்க. போட்டவுடனே டக் டக்குன்னு சத்தம் வந்துச்சுன்னா உடனே நிறுத்திட்டு டேட்டா ரெக்கவரி பண்றவங்க கிட்ட கொண்டு போங்க, நாமளே நோண்டினா கிடைக்கறதும் போயிடும். எல்லாம் காப்பி ஆகி ஒரு பென் டிரைவ்லயும் இன்னொரு காப்பி எடுத்தப்புறம் மெஷினை எடைக்குப் போடலாம், டிஸ்க்கை மட்டும் வீட்டுலயே வச்சுட்டு.